நாலாவது ஸ்டேஜ்

எங்கள் வீட்டில் ஏறக்குறைய நான்கு மாதம் ‘ஸ்டேஜ்’ என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்றிருந்தது. அப்படி ஒருவரும் சட்டம் போடவில்லை. ஆனால் தவறிப்போய் யாராவது சொல்லிவிட்டால், அப்பா பாதிச் சாப்பாட்டில் தட்டிலேயே கையைக் கழுவிவிடுவார். அம்மா என்னைப் பார்க்கிற பார்வையில் எனக்கும் சோறு இறங்காது. பத்து வயதுப் பெண்ணுக்கு இது லேசான கஷ்டம் இல்லை. அந்த வயதில் நான் பேசிய பேச்சில் பாதிக்கு மேல் ஸ்டேஜைப் பற்றித்தான்.

இதெல்லாம் இப்போது ஞாபகம் வரக் காரணம் சித்தப்பா மகன். போன மாதம் செல்போனில் எனக்கு ஒரு பக்கத்தை அனுப்பியிருந்தான். வீடியோ கேம் பைத்தியம் பிடித்த யாரோ ஒரு புண்ணியவான், சண்டை கேம்களில் ஆட்களுக்குப் பின்னால் தெரிகிற இடங்களெல்லாம் எந்தெந்தப் பழைய கேமிலிருந்து வந்தவை என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இந்தக் கோட்டை அந்தக் கேமின் முடிவில் வந்தது, இந்தக் கப்பல் அதற்கும் முந்தைய கேமில் ஓடியது என்று ஒவ்வொன்றுக்கும் பூர்வீகம் சொல்கிறார். நடுவில் ஒரு அருவியும் பலகைப் பாலமும் இருந்தன. அதற்குக் கீழே அவன், “அன்னிக்கு நீ சொன்னதேதான்க்கா” என்று எழுதியிருந்தான். அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு குறை. அந்த அருவி எங்கள் கல்வராயன் மலையைப் பார்த்து வரைந்தது என்று எங்குமே போடவில்லை.

அப்பா அப்போது கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். பஸ்ஸில் ஸ்டேஜ் என்றால் டிக்கெட் விலை மாறுகிற இடம். கச்சிராயபாளையம் ஒரு ஸ்டேஜ், கோமுகி அணை ஒரு ஸ்டேஜ், மலையடிவாரம் ஒரு ஸ்டேஜ், மேலே வளைவுகளில் ஒன்று, கடைசியில் வெள்ளிமலை. ஒரு ஸ்டேஜுக்கு டிக்கெட் எடுத்தவர் அதைத் தாண்டி ஒரு அடி போனாலும் அப்பாவுக்குப் பொறுக்காது. மாமனார் ஏறினாலும் டிக்கெட் கிழித்துவிடுவார், அம்மா ஏறினாலும் கிழித்துவிடுவார். அம்மா கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போக வேண்டுமென்றால் வேறு பஸ்ஸுக்குக் காத்திருந்து போவாள்.

கச்சிராயபாளையத்தில் எங்களுடையது ஒரே கூரையின் கீழ் இரண்டு குடித்தனம். முன்பக்கம் நாங்கள். பின்பக்கம் சித்தப்பா, சித்தி, அவர்கள் மகன். நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் ஒன்று இருக்கிறது என்பதே எனக்குச் சண்டை வந்த பிறகுதான் தெரியும். சித்தப்பா கரும்பு போட்டிருந்தார். அவர் மகன் என்னைவிட ஒன்பது மாதம் இளையவன். ஒன்பது மாதத்துக்கெல்லாம் அக்கா என்று கூப்பிட வேண்டுமா என்று அவன் வீட்டில் எல்லாரிடமும் நியாயம் கேட்டுப் பார்த்தான். ஒருவரும் அவன் பக்கம் பேசவில்லை.

ஒரு பொங்கலுக்கு முந்தின வாரம் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து கள்ளக்குறிச்சிக்குப் போய் டிவி கேம் வாங்கி வந்தார்கள். ஒரு டப்பா, இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு கேசட். கேசட் என்றால் பாட்டுக் கேசட் இல்லை. மஞ்சள் நிறத்தில் சோப்புப் பெட்டி அளவுக்கு இருக்கும். டப்பாவின் தலையில் செருகினால் டிவியில் கேம் வரும். வராவிட்டால் வெளியே எடுத்து அடியில் வாயை வைத்து ஊத வேண்டும். அட்டையில் ஆயிரத்துச் சொச்சம் கேம் என்று போட்டிருந்தது. நாங்கள் எண்ணிப் பார்த்தோம். பதினொன்றுதான் இருந்தது. அந்தப் பதினொன்றையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்பப் போட்டு ஆயிரம் ஆக்கியிருந்தான்.

அந்தப் பதினொன்றில் எங்களுக்கு ஒன்று போதுமாக இருந்தது. சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன், நீலச் சட்டைக்காரன் ஒருவன். இருவரும் சேர்ந்து இடது பக்கத்திலிருந்து வலது பக்கமாக நடந்துகொண்டே இருப்பார்கள். வழியில் ரவுடிகள் வருவார்கள், அடித்துப் போட்டுவிட்டு மேலே போக வேண்டும். சிவப்பு நான், நீலம் அவன். அந்தக் கேமில் ஒரு விசேஷம் உண்டு. ஒருவர் பின்தங்கி நின்றுவிட்டால் படம் நகராது. இருவரும் சேர்ந்து நடந்தால்தான் முன்னால் வழி திறக்கும். அதனால் நான் கண்டக்டர் ஆனேன். அவன் வரும்வரை “ஓல்டான், ஓல்டான்” என்று கத்துவேன், வந்து சேர்ந்ததும் “ரைட்” கொடுப்பேன்.

ஒரு இடம் முடிந்து அடுத்த இடம் போகும்போது திரையில் ஸ்டேஜ் ஒன்று, ஸ்டேஜ் இரண்டு என்று வரும். எங்களுக்குத் தெரிந்த ஸ்டேஜ் பஸ் ஸ்டேஜ்தான். அதனால் முதல் ஸ்டேஜில் வந்த கடைத்தெருவைக் கச்சிராயபாளையம் என்று வைத்துக்கொண்டோம். இரண்டாவதில் தண்ணீரும் மதகும் வந்தன, அது கோமுகி அணை. மூன்றாவது அடிவாரம். நாலாவதில்தான் அந்த அருவி. இடது ஓரத்தில் ஒரு கோணல் மரம், அதில் ஒரு சிவப்புப் பறவை, கீழே பலகைப் பாலம். பாலத்தில் இடமிருந்து மூன்றாவது பலகை உடைந்திருக்கும், தெரியாமல் கால் வைத்தால் உள்ளே போய்விடுவோம். மழைக்காலத்தில் அப்பா பஸ்ஸில் மலையேறும்போது ஒரு வளைவில் பாறை மேலிருந்து தண்ணீர் கொட்டும், பக்கத்தில் ஒரு மரம் ரோட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கும். பிறகென்ன சந்தேகம்? கேம் செய்தவன் நம் மலைக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் செய்திருக்கிறான். எந்தப் பஸ்ஸில் வந்திருப்பான் என்பதில்தான் எங்களுக்குள் வாதம்.

அப்பாவையே கேட்டோம். அப்பா எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவர் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தார்.

“கேமரா மாட்டிக்கினு ஒர்த்தர் வந்தாரு. வெளிநாட்டுக்காரரு. வெள்ளிமலைக்கு டிக்கெட்டு எடுத்தாரு, அந்த வளைவுலயே எறங்கிக்கினாரு. மேல வரவே இல்ல.”

அதோடு எல்லாம் உறுதியாகிவிட்டது. நாங்கள் எத்தனை முயன்றும் நாலாவது ஸ்டேஜைத் தாண்டி ஐந்தாவதில் பிழைத்ததே இல்லை. அந்த மனிதரே வெள்ளிமலைக்குப் போகாதபோது ஐந்தாவது ஸ்டேஜை எப்படி ஒழுங்காகச் செய்திருப்பார் என்று எங்களைத் தேற்றிக்கொண்டோம்.

இப்படி இருக்கும்போதுதான் அது நடந்தது. நடந்ததை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சித்தி அழுததையும் இந்தப் பக்கம் அம்மா முணுமுணுத்ததையும் கூட்டித்தான் தெரிந்துகொண்டேன். சித்தப்பா அப்பாவின் பஸ்ஸில் அணைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார். பக்கத்து சீட்டுக்காரரிடம் கரும்பில் காட்டுப்பன்றி இறங்கிய கதையைச் சொல்லிக்கொண்டே அணையைத் தாண்டிப் போய்விட்டார். அப்பா பின்னால் கூட்டத்தில் உர மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. அடிவாரத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திச் செக்கிங் ஏறிவிட்டது. சித்தப்பா கையில் ஒரு ஸ்டேஜ் குறைந்த டிக்கெட். செக்கிங் வந்தவர் அப்பாவைக் கூப்பிட்டு, இவரைத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்.

“தெரியாதுங்க சார். யாரோ பேசஞ்சரு” என்று அப்பா சொல்லிவிட்டாராம்.

அபராதம் வாங்கிக்கொண்டு சித்தப்பாவை அங்கேயே இறக்கிவிட்டார்கள். அப்பா விசில் கொடுத்தார், பஸ் போய்விட்டது. சித்தப்பா சித்திரை வெயிலில் வீடுவரை நடந்தே வந்தார். பின் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் கேட்டதை மறுநாளே சித்தியிடம் வந்து ஒப்பித்துவிட்டாள்.

“ஒரு வயித்துல பொறந்தவன யாரோன்னு சொல்ல எப்டி வாய் வந்துது?” என்று சித்தி கதவுக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள். அப்பா காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். அன்று அந்தக் கதவு தாழ்போடும் சத்தத்தை முதல்முறையாகக் கேட்டேன். எனக்கு அப்பாவின் மேல் கோபமாக வந்தது. சித்தப்பாவைத் தெரியாது என்று சொல்கிறவர் நாளைக்கு என்னையும் சொல்லமாட்டார் என்று என்ன நிச்சயம்?

மறுநாள் காலை சித்தப்பா மகன் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தான். நேராக டிவிக்குப் போய் நீல ஜாய்ஸ்டிக்கை டப்பாவிலிருந்து பிடுங்கி வயரைச் சுற்றினான்.

“எங்கப்பாவும் சேர்ந்துதான வாங்கனாரு” என்றான்.

“டப்பா இல்லாம அத வச்சிக்கினு இன்னாடா பண்ணுவ?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன். ஆனா எனுது.”

தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான் என்று சித்தி பல வருஷம் கழித்துச் சொன்னாள். நான் தனியாகச் சிவப்புச் சட்டைக்காரனை நடத்திப் பார்த்தேன். தனியாகப் போனால் படம் நகரும், ஓல்டான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மூன்றாவதைத் தாண்டுவதற்குள் அடிபட்டுச் செத்தேன். தினமும் அடிவாரத்திலேயே செத்தேன்.

நான் டிவி முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பதை அப்பா ஒருநாள் பார்த்திருக்கிறார். அடுத்த வாரம் டியூட்டி முடிந்து வந்தவர் பையிலிருந்து ஒரு புதுக் கேசட்டை எடுத்து நீட்டினார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்து நாளாகியிருந்தது.

“பழச குடுத்துட்டு புதுசு வாங்கியாந்தேன் பாப்பா. கடைக்காரரே சொன்னாரு, இதான் இப்ப எல்லாரும் ஆடறாங்களாம்.”

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் கத்தித் தீர்த்துவிட்டேன். கடைத்தெரு, அணை, அடிவாரம், அருவி, நாங்கள் முடித்தே பார்க்காத வெள்ளிமலை எல்லாவற்றையும் அப்பா கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த வாட்ச் கடையில் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அப்பா கையில் கேசட்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். இப்போது நினைத்தால் அந்தக் கத்தலை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறது.

புதுக் கேசட்டில் சண்டை கேம். இரண்டு பேர் எதிரெதிராக நிற்பார்கள். எங்கும் போக வேண்டியதில்லை. நேரம் முடிவதற்குள் ஒருவரை ஒருவர் அடித்து வீழ்த்த வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு ஜாய்ஸ்டிக் இல்லாவிட்டால் எதிராளியை மெஷினே ஆட்டும். முதல் சண்டை ஒரு சந்தையில், அடுத்தது ஒரு கப்பல் மேல், மூன்றாவது ஏதோ ஒரு கோட்டை வாசலில். நான் முதல் இரண்டு நாள் கோபத்தில் கண்டபடி பட்டனை அமுக்கினேன். மூன்றாம் நாள் எப்படியோ மூன்று சண்டையிலும் ஜெயித்தேன்.

நாலாவது சண்டைக்குத் திரை மாறியது. அருவி கொட்டிக்கொண்டிருந்தது. இடது ஓரத்தில் கோணல் மரம், அதில் சிவப்புப் பறவை. வானம் மட்டும் மாலை வேளை மாதிரி செம்மண் நிறத்தில் இருந்தது. கீழே பலகைப் பாலம். நான் என்னை அறியாமல் “ஓல்டான்!” என்று கத்தி ஆட்டத்தை நிறுத்தினேன். எழுந்து போய்த் திரையில் விரலை வைத்து எண்ணினேன். மூன்றாவது பலகை உடைந்திருந்தது. தொலைந்த ஆட்டைச் சந்தையில் இன்னொருத்தன் கயிற்றில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இது எங்கள் இடம், இங்கே இவர்களுக்கு என்ன வேலை?

ஆட்டத்தை மறுபடி ஓடவிட்டு, சண்டை போடாமல் என் ஆளை வலது பக்கம் நடத்திப் பார்த்தேன். திரையின் ஓரம் வரை போனான். அங்கே கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று இருந்தது போல நின்ற இடத்திலேயே காலை ஆட்டிக்கொண்டிருந்தான். பாலம் அதற்கு மேலும் போவது தெரிகிறது, போகத்தான் முடியவில்லை. அதற்குள் எதிராளி வந்து முதுகில் அடித்து வீழ்த்திவிட்டான்.

இதை நான் யாரிடம் சொல்வேன்? அம்மாவுக்கு அருவியும் தெரியாது, பலகையும் தெரியாது. அந்த இடத்தைப் பார்த்ததும் தெரிந்துகொள்ளக்கூடிய இன்னொரு ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான். அவன் தாழ்போட்ட கதவுக்குப் பின்னால் இருந்தான். மறுநாள் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் போய் அவன் பக்கத்தில் நின்றேன்.

“நம்ம அருவி வந்திருக்குதுடா.”

“எதுல?”

“புதுக் கேசட்டுல. சண்டை கேம்ல.”

“பொய்யி. அது வேற கேமு, இது வேற கேமு. அதுல இருந்தது இதுல எப்டி வரும்?”

“வந்துச்சே. பறவகூட இருக்குது.”

அவன் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினான். “மூணாவது பலக?”

“ஒடஞ்சிருக்குது.”

அவனுக்கு வந்து பார்க்க ஆசை, அது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பெரியப்பா வீட்டுப் படி ஏறக் கூடாது என்று சித்தப்பா சொல்லியிருந்தார். நான் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். அது அந்த இடம் இல்லையென்றால் அவன் இனிமேல் என்னை அக்கா என்று கூப்பிட வேண்டாம், பேர் சொல்லியே கூப்பிடலாம். அந்த இடம்தான் என்றால் நீல ஜாய்ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதைவிடப் பெரிய பந்தயம் என்னிடம் இல்லை. சொல்லிவிட்டு எனக்கே பயமாக இருந்தது. ஒருவேளை பலகையை நான் தப்பாக எண்ணியிருந்தால்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தான். அப்பா டியூட்டியில், அம்மா ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள், சித்தப்பா கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தார். தெருவைச் சுற்றிக்கொண்டு, துண்டில் எதையோ சுற்றி இடுக்கிக்கொண்டு வந்தான். ஜாய்ஸ்டிக்கைச் செருகினோம். ஆனால் அருவி உடனே வராது. முன்னால் மூன்று சண்டை போட்டாக வேண்டும். இந்தத் தடவை எதிராளி மெஷின் இல்லை, அவன்.

முதல் சண்டையில் இருவரும் அடித்துக்கொள்ளவே இல்லை. சந்தையில் பழகிய ஆட்கள் போல நின்றோம். பிறகு அவன் ஒரு உதை விட்டான். நான் இரண்டு விட்டேன். கப்பலுக்கு வந்தபோது பட்டனை உடைக்கிற மாதிரி அமுக்கிக்கொண்டிருந்தோம்.

“எங்கப்பா ஒண்ணும் வேணும்னு சொல்லல!” என்றேன் திரையைப் பார்த்தபடியே.

“யாரோன்னு சொன்னாருல்ல!”

“எறங்க வேண்டிய எடத்துல எறங்காம இருந்தது யாரு?”

“நடந்து வந்தாருடி எங்கப்பா! கால்ல கொப்புளம்!”

அவன் அதற்கு முன் என்னை டி போட்டுப் பேசியதில்லை. கோட்டை வாசலில் நான் அவனை வீழ்த்தியபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை, ஆனால் வீழ்த்தினேன். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். அப்போது திரை மாறி அருவி வந்தது.

இருவர் கையும் நின்றுவிட்டது. அவன் முட்டிபோட்டு டிவி அருகே போனான். பறவையைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், பலகையை எண்ணினான். திரும்பி என்னைப் பார்த்தபோது எல்லாக் கோபமும் போயிருந்தது.

“இதான்க்கா” என்றான். அக்கா என்றான், பந்தயம் முடிந்தது.

“ஆனா இது ஏன் இங்க வந்துது?”

“கேம் செஞ்சவரு ஒரே ஆளா இருப்பாரு. அவ்ளோ கஷ்டப்பட்டு வரைஞ்சிட்டு தூக்கிப் போட மனசு வரல போல. இதுல வச்சிட்டாரு.”

“அப்ப நம்ம செவப்பும் நீலமும் எங்க?”

“மேல போயிருப்பாங்க. வெள்ளிமலைக்கு.”

அவனுக்கு அது திருப்தியாக இருந்தது. நாமும் போகலாம் என்றான். இருவருடைய ஆட்களையும் வலது பக்கம் திருப்பினோம். நான் தனியாகப் போனதால்தான் அன்று வழி திறக்கவில்லை, சேர்ந்து போனால் நகரும் என்பது எங்கள் கணக்கு. இருவரும் அடிக்காமல் ஓரம் வரை நடந்து, சுவரில் இடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தார்கள். திரையின் மேல் ஓரத்தில் நேரம் குறைந்துகொண்டிருந்தது.

“ரைட் குடுக்கா, ரைட் குடு!”

“ரைட்! ரைட்! போடா, போ! ஸ்டேஜ் தாண்ட மாட்டேங்குதுடா!” என்று நான் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

கத்திவிட்டுத் திரும்பினால் வாசலில் அப்பா நின்றிருந்தார். வண்டி பழுதாகிப் பாதி டிரிப்பிலேயே திரும்பியிருக்கிறது. தோளில் பை, கையில் செருப்பு. அதே நேரம் நடுக்கதவின் தாழ்ப்பாள் அந்தப் பக்கமிருந்து விலகும் சத்தம் கேட்டது. மகன் குரலைக் கேட்டுவிட்டுச் சித்தப்பா வந்து நின்றார், முழங்கால்வரை சேறு. நான்கு மாதமாக யாரும் சொல்லாத சொல்லை நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து கத்தியிருந்தேன்.

டிவியில் அருவி மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. பயத்தில் எனக்கு வாய் ஓயவில்லை. அப்பாவைப் பார்த்துப் பாதியும் சித்தப்பாவைப் பார்த்துப் பாதியுமாகச் சொன்னேன். இது எங்கள் நாலாவது ஸ்டேஜ், பழைய கேசட்டில் இருந்தது, அதில் இரண்டு பேரும் சேர்ந்து மேலே போவார்கள், இதில் அதே இடத்தில் நிற்கவைத்துச் சண்டை போடச் சொல்கிறார்கள், நாங்கள் போடவில்லை, போய்விடலாம் என்று பார்க்கிறோம், விடமாட்டேன் என்கிறது.

சித்தப்பா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்த டப்பாவை வாங்கிக் கொடுத்ததோடு சரி, ஒருநாளும் ஆடியதில்லை.

“யாரு பாப்பா இவுங்க ரெண்டு பேரும்?”

“தெரியாது சித்தப்பா. யாரோ.”

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. சித்தப்பா மகன் என் தொடையில் கிள்ளினான். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் சித்தப்பாவுக்குக் கோபம் வரவில்லை.

“யாரோ இல்ல பாப்பா” என்றார். “தெரிஞ்சவங்கதான். ஆளுங்க பாத்துக்கினு இருக்கறாங்கல்ல, அதான் ஒர்த்தர ஒர்த்தர் தெரியாத மாதிரி நிக்கறாங்க.”

மேலே நேரம் முடிந்து மணி அடித்தது. அப்பா செருப்பைக் கீழே வைத்தார்.

“அன்னிக்கு வெயிலு ஜாஸ்தி” என்றார்.

“ஆமாண்ணா” என்றார் சித்தப்பா. “ஜாஸ்திதான்.”

அவ்வளவுதான் பேசினார்கள். சித்தப்பா அவனைக் கூட்டிக்கொண்டு நடுக்கதவு வழியாகவே போனார். தாழ்ப்பாள் போடும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், வரவில்லை. நீல ஜாய்ஸ்டிக் டப்பாவிலேயே இருந்தது. எங்கள் அருவியைப் பார்த்து அசந்துபோய்த்தான் சித்தப்பா சமாதானமானார் என்று நான் முடிவு செய்தேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேம் ஆடவே தெரியாத மனிதருக்கு அந்த இரண்டு பேரும் தெரிந்தவர்கள் என்று எப்படித் தெரிந்தது என்பது மட்டும் கொஞ்ச நாள் உறுத்தியது, பிறகு மறந்துவிட்டேன்.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் சும்மா பேசிக்கொண்டிருக்கும்போதுதான் சொன்னார். அந்தச் செக்கிங்காரர் முதலில் கேட்டது அப்பாவை இல்லை, சித்தப்பாவை. முகம் ஒன்றுபோல இருக்கிறதே, கண்டக்டர் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு அப்போது வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. தம்பியைத் தெரிந்தே ஸ்டேஜ் தாண்டி ஏற்றிப் போனார் என்று எழுதிவிட்டால் அன்றோடு காக்கிச் சட்டை போய்விடும். சித்தப்பா யோசிக்கவே இல்லையாம். “எனக்குத் தெரியாதுங்க, யாரோ கண்டக்டரு” என்றிருக்கிறார். அது அப்பா காதில் விழுந்தது. அதன் பிறகுதான் பின்னால் நின்ற அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். கண்ணயர்ந்திருந்த பின் சீட்டு அம்மாள் அந்தக் குரலில் விழித்துக் கேட்டது பிற்பாதிதான். பஸ்ஸில் பாதிப் பேர் கச்சிராயபாளையத்து ஆட்கள், இருவரும் அண்ணன் தம்பி என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லையாம்.

“அவன் சொன்னததான் நானும் சொன்னேன்” என்றார் அப்பா. “அவன் சொன்னது என்னக் காப்பாத்த. நான் சொன்னதும் அதே என்னக் காப்பாத்ததான? அதான் அவனுக்குத் தாங்கல.”

“அத அப்பவே எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா உங்கம்மா சொல்லுவா, உன் சித்தி சொல்லுவா. டெப்போ வரைக்கும் போயிடும். ரெண்டு பேரும் யாரோன்னு சொன்னது வீணாப் போயிடும்ல.”

நான்கு மாதம் மனைவியும் மகளும் கல்நெஞ்சுக்காரன் என்று பார்த்த பார்வையை அவர் அப்படியே வாங்கிக்கொண்டு சாப்பிட்டு எழுந்திருக்கிறார். அதில் என் பங்கும் நிறைய உண்டு. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. காபி ஆறுதுப்பா என்று மட்டும் சொன்னேன்.

சித்தப்பா மகன் செல்போனில் அனுப்பிய அந்த அருவிப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவும் அவனும் போன பிறகு நான் டிவி பக்கம் திரும்பியபோது, எங்கள் ஆட்கள் இருவரும் பாலத்தின் ஓரத்தில் அடி படாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். திரையில் டிரா என்று வந்திருந்தது. இவ்வளவு பாடுபட்டும் யாருமே ஜெயிக்கவில்லையே என்று நினைத்து, எனக்கு அப்போது அழுகை அழுகையாக வந்தது.